பட்டினி போட்ட வாளை

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் முதுகுவலி தேவலையா? ஆரியங்கோட்டில் நான் நல்ல சுகம். போன் குளத்தில் விழுந்துவிட்டது, அதனால்தான் கடிதம். இடது கையால் எழுதுகிறேன், கோணலைப் பார்த்துப் பயப்படாதே.

முதலாளி பொன்னையன் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு, குளம் தோண்டி வாளை மீன் வளர்க்கிறார் என்று சொன்னேனே, இப்போதுதான் அவருக்கு முதல் விற்பனை நடந்தது. பிடிப்பதற்கு முந்தின நாள் மீனுக்குத் தீனி போடக் கூடாது. குடல் காலியாக இருந்தால்தான் கறி நாறாது. அன்றைக்குப் பார்த்து, தண்ணீரைக் கலக்கும் மோட்டார் விசிறியில் என் வலது கை ஆள்காட்டி விரல் போய்விட்டது. குளத்தில் விழுந்ததை மீன்கள் விடவில்லை.

"எலே, பட்டினி கெடந்த மீனுக்குத் தீனி போட்டுட்டியே! இனி ஒரு நாளு கூடி பட்டினி போட்டுட்டுதான் பிடிக்கணும்" என்று முதலாளி கத்தினார். அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்பிட்டார்.

பொத்தான் இல்லாத டீ சர்ட் இரண்டு அனுப்பு. ஒரு கரண்டியும் வை, சோறு பிசைய வரவில்லை.

விற்ற அன்று முதலாளி பெரிய மீன் ஒன்றை நீட்டி, "மக்கா, இது உனக்குள்ளதாக்கும்" என்றார். வயிற்றைக் கீறிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

புதுக் குஞ்சுகள் வந்திருக்கின்றன. தீனி போடக் கூப்பிடுகிறார்.

சேவுகன்