எண்ணாத குடம்

செலியமேடு
6.4.2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கல்பனா எழுதுவது. நானும் இனியாவும் அத்தையும் நலம். அங்கே நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு, இந்தப் பக்கம் உங்கள் அம்மாவும் அந்தப் பக்கம் உங்கள் மகளும் உட்கார்ந்துகொண்டால் நான் என்ன பேச முடியும்? பாகூர் மளிகைக்கடை மாலிக் அண்ணன் புதன்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவரிடம் முருங்கைக்கீரைப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். பொடியை அறையில் எல்லோருக்கும் கொடுங்கள். கடிதத்தை நீங்கள் மட்டும் படியுங்கள்.

முதலில் என் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். போன வாரம் போனில், "ரெண்டு தபா ஃபெயிலாயிட்ட, அந்த சி பேப்பர வுட்டுத் தொலைடி" என்றீர்கள். எப்படி விடுவேன்? கல்யாண அவசரத்தில் அரியர் விழுந்த அந்த ஒரு கம்ப்யூட்டர் பேப்பர்தான் என் டிப்ளமோவில் பாக்கி. சர்டிஃபிகேட் வந்தால் பேக்கிங்கிலிருந்து ஆபீசுக்கு மாற்றிவிடுவதாகத் திருபுவனை கம்பெனியில் விஜயராணி மேடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்தால், நீங்கள் இன்னும் இரண்டு வருஷத்துக்கு அங்கே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். இதைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்தது அரே. எண்களைப் போட்டு வைக்க கம்ப்யூட்டரில் ஒரே பெயரில் அடுத்தடுத்து இடம் பிடித்து வைப்பதுதான் அரே. ஐந்து இடம் கேட்டால் ஐந்து தரும். ஆனால் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். அதனால் கடைசி இடத்துக்கு எண் நான்கு. இதில் எனக்கென்ன கஷ்டம்? நம் தெருக்குழாயில் முதலில் வைப்பது மாரியம்மன் கோயில் குடம். அதை யாரும் எண்ணுவதில்லை, அதற்கு அடுத்ததுதான் ஒன்றாம் குடம். ஆக, பூஜ்ஜியம் என்றால் சாமிக்கு விட்ட இடம், அதில் நாம் கை வைக்கக்கூடாது என்று என் மண்டையில் ஏறிவிட்டது!

செய்முறைத் தேர்வில் திங்கள் முதல் வெள்ளி வரை கட்டிய அட்டைப்பெட்டிகளைக் கூட்டச் சொன்னார்கள். நான் பூஜ்ஜியத்தை விட்டு ஒன்றிலிருந்து ஐந்து வரை கூட்டினேன். திங்கட்கிழமை விட்டுப்போயிற்று. வெள்ளிக்கு அப்பால் நமக்குச் சொந்தமில்லாத இடத்தில் கிடந்த ஏதோ ஒரு எண்ணும் சேர்ந்துகொண்டது. விடை மைனஸில் வந்தது. எந்தக் கம்பெனியில் மைனஸ் பெட்டி கட்டுகிறார்கள் என்று கேட்டு, தேர்வு நடத்த வந்த சார் சிரித்தார். நான் பேக்கிங்கில் வேலை செய்பவள் என்று அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வந்தேன்.

நேற்றுக் காலை குழாயடியில் ஐந்து குடம். நம்முடையது கடைசி. நான் நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இன்னாடி பராக்கு பாக்கற, நம்மள்து நாலாவது, கோயில் குடம் ரொம்பி வழியுது பாரு" என்று அத்தை கத்தினார். நிமிர்ந்து பார்த்தேன். மாமா, எண்ணாத குடத்தில்தான் தண்ணீர் முதலில் விழுகிறது! எண்ணில் இல்லையே தவிர அதுவும் நிறைகிற குடம்தான். நம் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து, அதே பெட்டிக் கணக்கைப் போனிலேயே பூஜ்ஜியம் முதல் நான்கு வரை போட்டுப் பார்த்தேன். 610. கையால் கூட்டினாலும் அதே 610. அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு திட்டிக்கொண்டே வந்தார். நான் அழுவதைப் பார்த்ததும், "பரிட்ச முடியற மட்டும் நீ குழாயாண்ட வராத, நான் பாத்துக்கறேன்" என்றார். உங்கள் அம்மாதான், நம்புங்கள்.

இன்னொன்று. ஏதோ கணக்கெடுக்க வந்த ஒரு பெண், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். அத்தை மூன்று என்றார். சரிதான், இங்கே இருப்பது மூன்று பேர்தான். ஆனாலும் நான் கதவோரம் நின்று இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன். அன்று மதியம் மீன்குழம்பு. "அவனுக்கு மீன் தலைன்னா உசுரு" என்று சொல்லிவிட்டுத்தான் அத்தை முதல் கரண்டியை எடுத்தார். தினமும் அப்படித்தான். எண்ணிக்கையில் நீங்கள் இல்லை. ஆனால் இந்த வீட்டில் எல்லாமே உங்களிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பரீட்சை பதினெட்டாம் தேதி. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியது இருபதாம் தேதி. எழுதி முடித்து வெளியே வந்ததும் கூப்பிடுகிறேன். அதுவரை அந்தப் பேனாவைத் தொடாதீர்கள், உங்கள் மகள் மேல் ஆணை. அந்தப் பெண் மறுபடி வந்தால் வாசலுக்கு நீங்கள் போங்கள். நான்கு பேர் என்று நீங்களே சொல்லுங்கள்.

எப்போதும் உங்கள்,
கல்பனா