ஒரு காதுக்கு மட்டும் கேட்டது

17.06.2025, செவ்வாய்

கடைசியில் வயரில்லாத இயர்பட் வாங்கிவிட்டேன். பழைய ஹெட்போன் வயரை எலி கடித்ததிலிருந்து வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலை மூன்று நாளாகக் கிடப்பில் கிடக்கிறது. ஊர்காவற்றுறையில் ஸ்ரூடியோ வைத்திருக்கிற றஜீபன் எலியிடம் தோற்றுப்போனான் என்று வெளியில் சொல்லவும் ஏலாது.

போனோடு உடனே சேர்ந்துவிட்டது. லப்டொப்போடு சேர்க்கத்தான் அரை நாள் போனது. புளூரூத் பட்டியலில் பக்கத்து வீட்டு டிவி வருகிறது, யாரோ ஒருவரின் போன் வருகிறது, என் கையில் இருக்கிற சாமான் மட்டும் வரவில்லை. நான் லப்டொப்பைத் திட்டிக்கொண்டிருக்க, மனுசி நிமலினி குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து, வாங்கின பெட்டிக்குள் இருந்த துண்டுக் கடதாசியை வாசித்தாள். "இஞ்சேருங்கோ, மூடியைத் திறந்து வைச்சு, லைற் மின்னுமட்டும் பொத்தானை அமத்திப் பிடிக்கட்டாம். நீங்கள் சும்மா தட்டுறியள்." பிடித்தேன். மின்னியது. சேர்ந்துவிட்டது. அவள் கடதாசியை என் மடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் போன விதம் இருக்கிறதே, அதற்கு நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

இப்போது இயர்பட் கிடக்கிற டப்பியின் மூடியைத் திறந்தாலே போனோடு லப்டொப்பும் தானாகப் பிடித்துக்கொள்கிறது. கன்றை அவிழ்த்துவிட்ட மாதிரி நேரே ஓடுகிறது.

19.06.2025, வியாழன்

பாட்டும் இதில்தான், போன் கோலும் இதில்தான். தனியாகக் கதைக்கிற விசரன் என்கிறாள் மனுசி.

27.06.2025, வெள்ளி

பாரிசிலிருந்து அனோஜன் என்று ஒரு பொடியன் எடுத்தான். நயினாதீவில் அவனுடைய தகப்பன் சரவணமுத்து இன்று விடிய மோசம் போய்விட்டார். ஞாயிறு பிரேதம் எடுக்கிறார்கள். நேரலை வேண்டும். தீவுப் பக்கத்தில் பாதிச் சனம் வெளிநாட்டில், ஆகவே கலியாணத்தைவிடச் செத்தவீட்டு நேரலைதான் எனக்கு இப்போது கூட.

ஆனால் இவன் கேட்டது வேறு ஒன்று. ஒன்பது வருசமாகத் தகப்பன் இவனோடு கதைக்கவில்லையாம். அங்கே தானாகவே ஒரு கலியாணம் கட்டிக்கொண்டதற்காக. தாய் யோகம்மாவுக்கும் இவனுடைய பெயரை வீட்டுக்குள் எடுக்கத் தடை. விசா அலுவல் முடியாததால் இப்போது வரவும் வழியில்லை. ஒரே மகன், கொள்ளியை மச்சான் நிசாந்தன்தான் வைக்கப் போகிறான்.

"அண்ணை, பிரேதப் பெட்டி மூட முந்தி நான் ரண்டு வார்த்தை சொல்லவேணும். ஸ்பீக்கரில போடுங்கோ. எல்லாரும் கேக்கட்டும். அம்மா கேக்கவேணும்." முகத்தைக் காட்ட மாட்டானாம், குரல் மட்டும்தானாம். சரி தம்பி என்றேன்.

29.06.2025, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. குறிகட்டுவானில் ஏழு மணிப் படகு. சோளகக் காற்று, கமராப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன்.

நான் எத்தனை செத்தவீடு பார்த்தவன். இன்று கண்டதை இன்னும் நம்ப முடியவில்லை.

போனவுடனே ஸ்பீக்கரை லப்டொப்போடு வயரில் கொளுவி, தேவாரம் போட்டுப் பார்த்தேன். கணீரென்று கேட்டது. பிறகு திரும்பிப் போகிற படகு பற்றி ஒரு கோல் வந்தது. ஒரு காதில் இயர்பட்டை மாட்டிக்கொண்டு கமராவை விடாமலே கதைத்து முடித்தேன். சுண்ணம் இடித்துத் திருப்பொற்சுண்ணம் பாடி முடிந்தது. அனோஜனுக்குச் சொன்னேன், இப்ப கதையும் என்று. லப்டொப்பை யோகம்மாவுக்கு முன்னால் கதிரையில் வைத்தேன். திரையில் அவனுடைய பெயர் மட்டும் இருந்தது. பறையை நிறுத்தச் சொன்னேன். சனம் அடங்கியது.

அவன் கதைத்தான். "அப்பா, நான் அனோஜன் கதைக்கிறன்" என்று தொடங்கி, பிழை என்னிலதான், ஒருக்கா வந்து காலில விழுந்திருக்கலாம், வீறாப்பில இருந்திட்டன் என்று அழுது அழுது சொன்னான். பிறகு தாயிடம்: "அம்மா, உங்களை எனக்குத் தெரியுது. நீங்கள் என்னை மன்னிச்சிட்டியள் எண்டால் ஒருக்காத் தலையை ஆட்டுங்கோ. ஒண்டும் சொல்ல வேண்டாம். ஆட்டினால் காணும்."

அந்த மனுசி ஆட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு இருந்தா. கண்கூட இமைக்கவில்லை. "அம்மா, அம்மா" என்று அவன் கெஞ்சுகிறான், மனுசி அசையவில்லை! நிசாந்தன் இடையில் எழும்பி வந்து என் காதடியில் ஏதோ முணுமுணுத்தான். அந்தப் பொடியன் அழுகிற நேரத்தில் இவருக்கு என்ன கதை? வாயில் விரலை வைத்து ஸ்ஸ் என்றேன். கொஞ்ச நேரத்தில் நிசாந்தனே, "காணும், மூடுங்கோ, நேரம் போகுது" என்றுவிட்டான். அனோஜன் கோலை வைத்துவிட்டான்.

பெற்ற வயிறா அது? மாதாவே, ஒரு தாயால் அப்படி இருக்க முடியுமா?

30.06.2025, திங்கள்

அனோஜன் எழுதியிருக்கிறான்: "அம்மா தலை ஆட்டேல்லை என்ன அண்ணை. நீங்களும் பாத்தனீங்கள்தானே."

என்ன எழுதுவது? "ஓம் தம்பி, பாத்தனான். மனசைத் தேற்றிக்கொள்ளும்" என்று போட்டேன்.

01.07.2025, செவ்வாய்

தேத்தண்ணிக் கடையில் இந்தக் கதையைச் சொன்னேன். கேட்ட அத்தனை பேரும் யோகம்மாவைப் பேசினார்கள்.

02.07.2025, புதன்

இதை எழுதாமல் படுக்க ஏலாது.

காலையில் செத்தவீட்டு வீடியோவை வெட்ட உட்கார்ந்தேன். அனோஜன் கதைத்த இடம் வந்தது. சத்தம் இல்லை. சரியான இடம்தானா என்று பார்த்தேன், அதே இடம்தான், யோகம்மா திரைக்கு முன்னால் இருக்கிறா. சத்தத்தைக் கூட்டினேன். காகம் கத்துகிறது. யாரோ இருமுகிறார்கள். சின்னப் பிள்ளை ஒன்று தண்ணீர் கேட்கிறது. அனோஜனின் குரல் மட்டும் இல்லை. முழுக்கக் கூட்டினேன். அப்போது நிசாந்தன் என் காதடியில் சொன்னது கேட்டது.

"அண்ணை, சத்தம் வரேல்லை. ஸ்பீக்கர் வேலை செய்யேல்லைப் போல."

அதற்குப் பிறகு என்னுடைய "ஸ்ஸ்."

ஐயோ. ஐயோ ஆண்டவரே.

என்ன நடந்தது என்று விளங்க ஐந்து நிமிடம் எடுத்தது. லப்டொப்பில் ஒரு பாட்டைப் போட்டேன், ஸ்பீக்கரில் பாடியது. இயர்பட் டப்பியைத் திறந்தேன். ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. மூடினேன், பாடியது. திறந்தேன், ஊமை. படகுக் கோலுக்கு டப்பியைத் திறந்தேனே, அந்த நேரமே லப்டொப் சத்தத்தை முழுக்க என் காதுக்குக் கொடுத்துவிட்டது. கோல் முடிந்த பிறகும் இயர்பட்டை நான் காதிலிருந்து கழற்றவில்லை. ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றதால் ஊருக்கே கேட்கிறது என்று நினைத்தேன். அனோஜன் அழுதது எனக்கு மட்டும்தான் கேட்டது. முற்றத்தில் நின்ற இருநூறு பேரில் எனக்கு மட்டும்!

அந்த மனுசி மகன் எப்ப வாய் திறப்பான் எண்டு பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா. அதுதான் கண் இமைக்கேல்லை. நான் அதைப் பாத்து பெத்த வயிறோ எண்டு எழுதியிருக்கிறன், இந்தக் கொப்பியிலதான், மூண்டு பக்கம் முன்னுக்கு. கடையில சொல்லிச் சனத்தையும் பேச வைச்சன். அவனுக்கு "ஓம் பாத்தனான்" எண்டு சாட்சியும் சொல்லியாச்சு. நான் மனுசனோ?

கமரா பதிகிறதுதானே என்று கோலைத் தனியாகப் பதிவு செய்யவும் இல்லை. அவன் சொன்ன வார்த்தை இப்போது இந்த உலகத்தில் இரண்டே இடத்தில்தான் இருக்கிறது, அவனிடமும் என்னிடமும்.

03.07.2025, வியாழன்

நிமலினியிடம் சொன்னேன். அவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். "நாளைக்கு எட்டாம் நாள், எட்டுச்செலவு. முதல் படகில போங்கோ." வெளியில் தெரிந்தால் இனி யார் என்னைக் கூப்பிடுவார்கள் என்றேன். "ஒருத்தரும் கூப்பிடாட்டிலும் பரவாயில்லை. அந்த அம்மா அஞ்சு நாளா என்ன நினைச்சுக்கொண்டு இருக்கிறாவோ!"

04.07.2025, வெள்ளி

போனேன். சொன்னேன்.

எட்டுச்செலவுக்குச் சமையல் நடக்கிறது, சொந்தம் எல்லாம் கூடத்தில். தனியாகச் சொல்லலாம் என்று குசினி வாசலில் நின்றேன். யோகம்மா, "என்ன தம்பி, வீடியோ கொண்டு வந்தனீரோ?" என்று கேட்டா. அவ்வளவுதான், என் வாய் தானாகக் கொட்டிவிட்டது. எல்லாருக்கும் கேட்டது. நிசாந்தன் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தான். "நீங்கள் ஸ்ஸ் எண்டபடியால் மச்சான்தான் கதைக்கேல்லை எண்டு நினைச்சிட்டம்" என்றான்.

மனுசி கேட்டது ஒன்றே ஒன்று. "அவன் கதைச்சவனோ?"

"ஓம் அம்மா. கதைச்சவர். அழுதவர்."

"என்ன சொன்னவன்? ஒண்டும் விடாமல் சொல்லும்."

நின்றபடியே சொன்னேன். அப்பா, நான் அனோஜன் கதைக்கிறன்... என் வாயால் இன்னொருவன் மகனாகி நின்று மன்னிப்புக் கேட்டேன். "ஒருக்காத் தலையை ஆட்டுங்கோ" என்ற இடத்தையும் சொன்னேன். இப்போது ஆட்டுவா என்று நினைத்தேன். அழுவா என்று நினைத்தேன்.

மனுசிக்குக் கோபம் வந்தது. நான் ஆடிப்போனேன்.

"நான் ஆட்டேல்லை எண்டு நீர் என்ன நினைச்சனீர்?"

பொய் சொல்ல ஏலவில்லை. "கல் நெஞ்சு எண்டு நினைச்சிட்டன் அம்மா."

"அவன்?"

"அவரும் அப்பிடித்தான்..."

"வயர் பிழைச்சிருக்கும், மெசின் பிழைச்சிருக்கும் எண்டு உங்களில ஒருத்தருக்கும் தோன்றேல்லை. யோகம்மாவின்ரை நெஞ்சுதான் பிழை எண்டு உடனை நம்பிட்டியள். நீர் பிறத்தி ஆள், போகட்டும். நான் பெத்தவன் எப்பிடி நம்பினவன்? ஒன்பது வருசம் அவன்ரை படத்தை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைச்சிருந்தனான். தெரியுமோ?"

லப்டொப்பைத் திறக்கட்டுமா, இப்பவே எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். நான் எடுக்கமாட்டன். அவன் எடுக்கட்டும்" என்று எழும்பி உள்ளே போய்விட்டா. சாப்பிடாமல் திரும்பினேன்.

05.07.2025, சனி

அனோஜனுக்குக் குரல்பதிவு அனுப்பினேன். ஆறு நிமிடம். நடந்தது எல்லாம் சொன்னேன், அரிசிப் பானையையும் சொன்னேன். கடைசியில், "பிழை என்ரை காதில தம்பி, அம்மாவில இல்லை" என்றேன். அவன் இன்னும் திறந்து பார்க்கவில்லை.

தேத்தண்ணிக் கடைக்கும் போனேன். சொன்ன வாயாலேயே திருத்திச் சொன்னேன். முதல் கதைக்கு எல்லாரும் காது கொடுத்தார்கள். இதற்கு இரண்டு பேர் "அப்பிடியோ" என்றார்கள்.

12.07.2025, சனி

நான் வீடியோ எடுக்க இருந்த அல்லைப்பிட்டிக் கலியாணம் கைவிட்டுப் போய்விட்டது. வேறு ஆளைப் பிடித்துவிட்டார்களாம். அனோஜனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. கோலும் போகுதில்லை.

20.07.2025, ஞாயிறு

கேட்டுவிட்டான்! போனை மூடிவைத்துவிட்டு வேலைக்கும் வீட்டுக்குமாய் நடைப்பிணம் மாதிரித் திரிந்தானாம். இன்று காலையில்தான் மனைவி பிடுங்கித் திறந்திருக்கிறாள்.

எனக்கு எடுத்தான். திட்டுவான், வாங்கிக்கொள்வோம் என்று எழும்பி நின்றேதான் பதில் சொன்னேன். அவன் திட்டவில்லை. "அண்ணை, நான் அம்மாவை அப்பிடி நினைச்சிட்டனே" என்று மட்டும் மூன்று தரம் சொன்னான். தாய்க்கு உடனே எடும் என்றேன். பயமாக இருக்கிறதாம். நாற்பது வயதுக்காரன்!

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சு வீட்டில கிரியை செய்யிற அண்டைக்கு வாங்கோ அண்ணை. சனத்துக்கு முன்னாலதான் அம்மாவுக்குப் பழி வந்தது. சனத்துக்கு முன்னாலயே கதைக்கிறன்."

28.07.2025, திங்கள்

நேற்றுக் கீரிமலையில் அந்தியேட்டி. இன்று வீட்டில் கிரியை. எட்டு மணிக்கே போய், இயர்பட் இல்லை, போனும் நிறுத்தி, வயரை மூன்று தரம் கழற்றிக் கொளுவிப் பார்த்தேன். நிசாந்தன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தரமும் "கேக்குது" என்றான்.

ஐயர் ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டும் என்றார். ஒன்பது இருபதுக்கு அனோஜன் வந்தான். இந்த முறை முகத்தோடு வந்தான்.

யோகம்மா திரையைப் பார்த்தா. நான் ஸ்பீக்கரைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

"என்னடா இது, தலைமயிர் எல்லாம் கொட்டிப்போச்சு?"

ஒன்பது வருசத்துக்குப் பிறகு மகனிடம் கேட்ட முதல் கேள்வி. அவன் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. எனக்கு உயிர் போய்விட்டது. பிறகுதான் தெரிந்தது, அவன் அழுகிறான்.

அதற்குப் பிறகு மனுசி ஏசத் தொடங்கினா. "தாய் தலை ஆட்டேல்லை எண்டால் திருப்பி ஒருக்காக் கேக்கிறதுக்கென்ன? வைச்சிட்டு ஓடுறதோ? அண்டைக்குத் தொடக்கம் நான் சோறு திண்டனானோ எண்டு கேட்டனியோ? மூதேவி, பெத்தவள் அப்பிடிச் செய்வாளோ எண்டு யோசிக்க உனக்கு மூளை இல்லையோ?" அவன் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றபடி இருந்தான். ஒழுங்கைக்கு அப்பால் இருந்தும் சனம் வந்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

ஒரு கட்டத்தில் அவன் மெல்லச் சொன்னான்: "நான் வாய் திறக்கேல்லை எண்டு நீங்களும்தானே அம்மா நம்பினீங்கள்."

மனுசி முந்தானையால் முகத்தைத் துடைத்தா. "ஓமடா. நானும்தான் நம்பினன்" என்றா, பக்கத்தில் நின்ற எனக்கே மெல்லக் கேட்ட குரலில். "மருமகள் எங்க? அவளைக் கூப்பிடு. காட்டு."

ஐயர் என்னைப் பார்த்து மணிக்கூட்டைக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி நின்றேன். பத்தேகாலுக்குத்தான் கிரியை தொடங்கியது.