அடுப்புக்குப் பின்னால் நீலம்

கறம்பக்குடி,
11-3-1959

சௌபாக்கியவதி அழகம்மாளுக்கு வீரய்யா எழுதுவது. இங்கே நானும் மாடும் கன்றும் சௌக்கியம். நீயும் கண்ணில் புரை எடுத்த டாக்டர் சொன்னபடி தலையை அசைக்காமல் மல்லாந்து படுத்திருப்பாய் என்று நம்புகிறேன். உன் கண்கட்டு அவிழ்கிறவரை என் கடிதங்களை உன் தம்பி மகள்தானே படிக்க வேண்டும்? செவந்தி, மாமா எழுதியதை எழுதியபடியே படி. நடுவில் நீ சிரிக்காதே. நீ சிரித்தால் அத்தை சிரிப்பாள், அத்தை சிரித்தால் தையல் அசையும். பழி என் மேல் விழும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், உன் டிரங்குப் பெட்டியில் இருந்த பதினோரு சேலைகளையும் தரையில் விரித்துப் போட்டு, நடுவில் நான் சம்மணம் கூட்டி உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு மூக்காயி மதினி மோர்ச் செம்போடு உள்ளே வந்துவிட்டாள். வந்தவள் நிலைப்படியிலேயே நின்று, "என்ன கொழுந்தனாரே, அவ ஆஸ்பத்திரிக்குப் போயி முழுசா நாலு நாளு ஆகல. அதுக்குள்ள ஏலம் போடுறீங்களா, இல்ல வேற எவளுக்கும் பொருந்துமான்னு பாக்குறீங்களா?" என்று கேட்டாள். டிக்கெட் ஜன்னலுக்குள் உட்கார்ந்துகொண்டு ஐம்பது பேருக்கு ஒரே மூச்சில் பதில் சொல்கிற நான், அன்று மடியில் கிடந்த சேலையை அவசர அவசரமாக மடிக்க ஆரம்பித்தேன். சாயங்காலம் புக்கிங் ஆபீஸுக்குப் போனால் கண்டக்டர், "அண்ணே, சேலை யாவாரம் எப்படிப் போகுது?" என்கிறான். மோர்ச் செம்பு வீடு திரும்புவதற்குள் சேதி பஸ் ஏறிவிட்டது.

மதினி வருகிற சனிக்கிழமை உன்னைப் பார்க்கத் திருச்சிக்கு வருகிறாள். நானேதான் அவளுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன், என்ன செய்ய. அவள் வாயால் நீ கேட்பதற்கு முன்னால் என் வாயால் கேட்டுவிடு என்றுதான் அவசரமாக இதை எழுதுகிறேன்.

நீ பஸ் ஏறின அன்று படியில் காலை வைத்துக்கொண்டு ஒன்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "கண்ணு தெரிஞ்சு வந்தாலும் நான் பாக்கப்போறது அந்தக் கரிச் செவுத்தத்தானே" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. குளத்தூர்க் கல்யாண வீட்டில் அடுப்புக்குப் பின்னால் சுவரில் பளபளவென்று பீங்கான் ஓடு பதித்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும், "அடுப்படியில யாரு கொலு வைக்கப் போறா?" என்று சொல்லிப் பக்கத்தில் இருப்பவர்களைச் சிரிக்க வைத்தேன். நீயும் புகைக்குள் நின்றுகொண்டு கூடச் சிரித்தாய். பஸ் கிளம்பிப் போன பிறகு ஜன்னலுக்குள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அந்த ஹாஸ்யம் அவ்வளவு ஒசத்தியாக இல்லை.

மறுநாளே ஆண்டிச்சாமி கொத்தனாரைக் கூட்டிவந்து சுவரைக் காட்டினேன். முழு ஓடு வேண்டாம், உடைந்த சில்லாக வாங்கிப் பொருத்தினால் பூப்போட்ட ஜமக்காளம் மாதிரி இருக்கும் என்றான். சரி என்று புதுக்கோட்டைக்குப் போனேன். ஓட்டுக் கடை ஜமால் முகமது பாய் மரியாதையாக உட்கார வைத்து, "என்ன கலருங்க வேணும்?" என்று கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். உனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷம். பாய் என் முழியைப் பார்த்துவிட்டு, "வெள்ளை கைவசம் நெறைய இருக்குங்க, எல்லாருக்கும் புடிக்கும். இல்லாட்டி வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றார். வீட்டுக்காரி கண்ணில் கட்டோடு திருச்சியில் படுத்திருக்கிறாள் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கரிச் சுவரைத்தானே பார்க்கப்போகிறேன் என்று சொன்னவளுக்கு, கைக்குக் கிடைத்ததை வாங்கி ஒட்ட மனசு வரவில்லை.

அதற்காகத்தான் அந்தச் சேலை ஆராய்ச்சி. உன் சேலைகளைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பதினொன்றில் ஒன்பது நான் எடுத்துக் கொடுத்தவை. எல்லாம் அரக்கும் பாக்கு நிறமுமாக இருந்தன, அழுக்குத் தெரியாது என்று நான் கணக்குப் போட்டு எடுத்ததால். மீதி இரண்டும் உன் தம்பி எடுத்தது. அவனுக்கும் என் புத்திதான். அந்த அரக்குக்கும் பாக்குக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கே மூச்சு முட்டியது.

கடைசியில் பெட்டியின் அடியில் ஒரு பவுடர் டின் கிடைத்தது. ஆட்டினால் கலகலவென்றது. திறந்தால் அவ்வளவும் உடைந்த வளையல் துண்டுகள். திருவரங்குளத்துத் திருவிழாவில் வருஷம் தவறாமல் நீயாகப் பொறுக்கி எடுத்து அடுக்கிக்கொள்கிற வளையல்கள். நான் அப்போதெல்லாம் காபிக் கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவேன், ஒரு தடவைகூட நிறம் பார்த்ததில்லை. எல்லாம் நீலம். மயில் கழுத்து நீலம், வான நீலம், அழிந்துபோன மை மாதிரி ஒரு நீலம். நீயாக எடுத்தது அது ஒன்றுதானே, அழகு?

நீலச் சில்லுக்காக இன்னும் இரண்டு நடை நடந்தேன். பாய் எங்கிருந்தோ ஒரு சாக்கு வரவழைத்துக் கொடுத்தார். ஆண்டிச்சாமி சுவரைச் சுரண்டியதில் மூன்று கூடை கரி. உன் கண்ணுக்குள் போனதுபோக மிச்சம். சில்லுகளை முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போட வேண்டுமாம். உன் பொங்கல் அண்டாவில்தான் ஊறப்போட்டேன். விளக்கி வைத்துவிட்டேன், நீ மறுபடியும் விளக்குவாய் என்பதும் தெரியும். வெள்ளை சிமெண்டைக் குழைத்து இடுக்கெல்லாம் அடைத்து, ஓரத்தில் உன் வளையல் துண்டுகளைக் கரையாகக் கட்டியிருக்கிறான். கேட்காமல் எடுத்ததற்கு மன்னித்துக்கொள். இனி உடைகிற வளையலுக்கும் இடம் விட்டிருக்கிறது.

நானும் கொத்து வேலை பார்த்தேன். ஒரே ஒரு சில்லு வைப்பதற்குள் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டேன். எண்ணெய்க் கிண்ணத்துக்கு நேர் மேலே ஒன்று கோணலாக இருக்கும், அது என்னுடையது. "பேத்துட்டு நேரா வச்சிருவமாண்ணே?" என்று ஆண்டிச்சாமி கெஞ்சினான். வேண்டாம் என்றுவிட்டேன். நீ தாளிக்கும்போது திட்டுவதற்கு வீட்டில் ஏதாவது ஒன்று வேண்டாமா?

சில்லுகளின் முனையையெல்லாம் கல்லில் உரசி மழுக்கச் சொன்னேன். அவனுக்குக் கோபம். "செவுத்த யாருண்ணே தடவிப் பாக்கப் போறா? கண்ணால பாக்கத்தானே போறாங்க" என்றான். துடைக்கும்போது கையைக் கிழிக்குமப்பா என்று சொல்லிச் சமாளித்தேன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து உரசினான். அவன் போன பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவிப் பார்த்தேன். எங்கேயும் குத்தவில்லை. வளையல் கரை எங்கே தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் விரலுக்கே நன்றாகத் தெரிகிறது.

சுவர் ஈரம் காய்கிறவரை அடுப்பு மூட்டக் கூடாதாம். அதனால் ஒரு வாரமாக மதினி வீட்டுச் சாப்பாடுதான். ஒரு கரண்டி குழம்புக்கு இரண்டு கரண்டி கேலி. ஆனால் நேற்று வந்து சுவரைப் பார்த்தவள் கையிலிருந்த குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "ஏங்க, இதுக்குத்தானா அன்னிக்கிச் சேலையெல்லாம்?" என்றாள். மூக்காயி மதினி தணிந்த குரலில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனாலும் சனிக்கிழமை உன்னிடம் சேலைக் கதையைத்தான் முதலில் சொல்வாள், பாரேன்.

திங்கட்கிழமை கட்டு அவிழ்ப்பதாக உன் தம்பி ரெங்கராஜ் சொல்லியிருந்தான். அன்று எனக்கு லீவு கிடைத்துவிட்டது. முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவேன். நீ எதற்கும் பயப்படாதே. எப்படி இருந்தாலும் சரி, நம் வீட்டுக்கு வா. வந்து அடுப்புக்கு முன்னால் நின்று கையை நீட்டு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். கோயிலுக்குக் காசு முடிந்துவைத்திருக்கிறேன், அம்பாள் உன்னைக் காப்பாற்றுவாள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
வீரய்யா

பின்குறிப்பு: இதை ஒட்டி டிரைவர் கையில் கொடுக்கப்போகிற நேரத்தில் ரெங்கராஜின் கார்டு வந்தது. மருந்து போட டாக்டர் கட்டை ஒரு நிமிஷம் விலக்கினாராமே. அவர் காட்டின மூன்று விரலையும் சரியாகச் சொன்னாயாமே. கார்டை நான்கு தடவை படித்தேன், ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் திட்டித் தீர்த்துவிட்டார்கள். ஆனால் டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்து, "ஏன் நீலக் கோட்டுப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டாயாம். புரையை எடுத்தால் சில பேருக்கு அப்படித்தானாம். இன்னும் கொஞ்ச நாளைக்கு வெள்ளையெல்லாம் உனக்கு நீலமாகத்தான் தெரியுமாம்.

வெள்ளை கைவசம் நிறைய இருக்கிறது என்று ஜமால் பாய் முதல் நாளே சொன்னார்.