எங்கள் வளவுக்குள்ளால் போன வீடு

சேசு மரி சூசை

குருநகர்,
யாழ்ப்பாணம்.
21.8.1975

அன்பு மகள் றெஜினாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நான் நடமாடித் திரிகிறேன், நீயும் மருமகனும் சின்னவனும் அந்தச் சாம்பியா நாட்டில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு பூசையிலும் மன்றாடுகிறேன். நீ போட்ட கடிதமும் படமும் கிடைத்தன, சின்னவனுக்கு அப்படியே உன் அப்பாவின் நெற்றி. இங்கே பேக்கரியில் பாண் வாங்க இன்னும் வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கிறது, மற்றப்படி சுகம். முழங்கால் வீக்கத்தோடு வெயிலில் ஏன் ஊர் சுற்றுகிறாய் என்று கோபித்து எழுதியிருந்தாய். ஊர் சுற்றவில்லை பிள்ளை. குடியிருக்க இடமில்லாத சனத்துக்கு வாடகை குறைந்த வீடு தேடிக்கொடுக்க ஆட்கள் வேண்டுமென்று இரண்டு வருடத்துக்கு முன் பங்குச் சுவாமி பிரசங்கத்தில் கேட்டார், அன்றிலிருந்து நானும் மேலைத்தெருச் செபஸ்தியம்மாவும் பூசை முடிய நடக்கிறோம். பூட்டிக் கிடக்கிற வீடு, ஒருவரும் புழங்காத பின் அறை, எது கண்ணில் பட்டாலும் உரியவர்களைத் தேடிப்போய்க் கதைப்போம். இதுவரை எட்டுக் குடும்பத்துக்கு இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறோம். ஒன்பதாவது குடும்பத்தின் கதையைத்தான் இப்போது எழுதப்போகிறேன், அதில் உன்னிடம் கேட்க வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது, ஆறுதலாக வாசி.

கடற்கரை ஒழுங்கையில் சிமியோன், லூர்த்தம்மா என்று ஒரு குடும்பம், உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர்கள். யாரோ ஒருவருடைய காணியில் ஓலைக் குடில் போட்டு இருந்தார்கள். அந்தக் காணி விலைப்பட்டுப் போனது, வாங்கினவர் கல்வீடு கட்டப்போகிறாராம், ஆவணி முடிய முதல் எழும்பச் சொல்லிவிட்டார். ஐந்து பிள்ளைகள், கடைசிக்கு இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. நாங்கள் பாசையூர், கொழும்புத்துறை எல்லாம் ஏறி இறங்கினோம். வாடகை கட்டுப்படியாகிற இடத்திலெல்லாம் முதல் கேள்வி எத்தனை பிள்ளை என்பதுதான். ஒரு மனுசி முகத்துக்கு நேரே, இரண்டெண்டாப் பரவாயில்லை, அஞ்சு பிள்ளையள் வந்தால் என்ரை கிணத்தடி என்னத்துக்காகும் என்று படலையைச் சாத்தினாள். நான் அதை லூர்த்தம்மாவுக்கு எப்படிச் சொல்வதென்று முழித்தேன், அவளோ, அக்கா, சின்னதை நான் கையிலேயே வைச்சிருப்பன், அழ விடமாட்டன், அதைச் சொல்லிப் பாருங்கோவன் என்றாள்.

கடைசியில் எங்கள் கண்ணில் மிச்சமாக நின்றது ஒரே ஒரு வெறுங்காணி. எங்கள் வேலிக்கு அப்பால் கனிசியஸ் அண்ணையின் வளவில் வேம்புக்குப் பக்கத்துக் கிழக்கு மூலை. உன் அப்பா வேலியை இரண்டடி தள்ளிப் போட்டாரென்று அவரும் அப்பாவும் பதினொரு வருடம் வழக்காடினது உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்பாவின் செத்தவீட்டுக்கும் அவர் வரவில்லை. செபஸ்தியம்மா, நீ வெளியில நில், நான் போய்க் கேக்கிறன் என்றாள். சனத்துக்கு வீடு கேட்கிற இடத்தில் என் ரோசத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது, நானும் உள்ளே போனேன். அவர் கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, எத்தினை பிள்ளையள் என்றார். இவரும் அதே கேள்விதான் என்று நினைத்துக்கொண்டு அஞ்சு என்றேன். அப்ப உந்த மூலை காணாது, வேம்படியையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கோ என்றார். வாடகை எவ்வளவென்று செபஸ்தியம்மாதான் கேட்டாள். சிமியோன் தொழிலுக்குப் போற நாளையில ஒரு கறிக்கு மீன் தரட்டும் என்றார், அவ்வளவுதான். புதுக் குடில் போட வசதியில்லை, இருக்கிறதைப் பிரித்தால் பழைய ஓலை பாதி தூளாகிவிடும் என்று சொன்னோம். அதுக்கேன் பிரிப்பான், வள்ளம் தூக்கிறது மாதிரி அப்பிடியே தூக்கிக்கொண்டு வாங்கோ என்றார்.

போன ஞாயிறு தொழிலுக்குப் போகாத நாள், பூசை முடிந்ததும் நாற்பது பேர் வந்துவிட்டார்கள், சுவாமி கேட்டது பதினைந்து பேரைத்தான். கனிசியஸ் அண்ணை முன்னுக்கு நின்று குரல் கொடுக்க, எல்லோரும் கீழே புகுந்து கூரையை ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றினார்கள். உள்ளே நிற்கிறவர்களின் முகம் தெரியவில்லை, கால்கள் மட்டும்தான். குருத்தோலை ஞாயிறன்று லூர்த்தம்மா முகட்டில் செருகின ஓலைச் சிலுவையும் அசையாமல் மேலே போகிறது, பிறகால் அவள் பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு நடக்கிறாள். ஒழுங்கையோ ஆறடி, கூரையோ பன்னிரண்டடி. எங்கள் ஊரில் அடுத்தவன் வேலியில் ஒரு கிடுகு ஓலையைத் தொட்டால் என்ன நடக்குமென்று உனக்குத் தெரியும். அந்தச் சனம் அன்றைக்குத் தங்கள் தங்கள் வேலியைத் தாங்களே அவிழ்த்துவிட்டு நின்றது, ஒருவரும் கேட்காமல். கூரை வளவுக்கு வளவு மிதந்து வந்தது.

கடைசி வேலி எங்களுடையது, அப்பா வழக்காடிக் காத்த அதே வேலி. அதைத் திறக்காமல் கனிசியஸ் அண்ணையின் வளவுக்குப் போக வழியில்லை. காணி உனக்குச் சீதனமாக எழுதினது, உன்னைக் கேட்காமல் நான் எப்படி வெட்டுவது? நாற்பது பேரும் தோளில் பாரத்தோடு நின்றார்கள், வியர்வை மண்ணில் சொட்டுகிறது, ஒருவர்கூட வெட்டு என்று சொல்லவில்லை. கனிசியஸ் அண்ணை மற்றப் பக்கம் திரும்பி நின்றார். நான் கத்தியை எடுத்து வந்து கட்டுகளை நானே அறுத்தேன் மகள். எங்கள் உவர் நிலத்தில் வேலிக்கு நடுகிற கதியால் தளிர்ப்பதில்லையே, எல்லாம் காய்ந்த கம்புதான், பொடியன்கள் பிடுங்கிப் போட்டார்கள். கூரை உள்ளே போனது. எல்லோரும் அதன் பின்னால் போக, கனிசியஸ் அண்ணை மட்டும் குனிந்து ஏதோ செய்துகொண்டு நின்றார். கிட்டப் போய்ப் பார்த்தால், கம்பு பிடுங்கின குழி ஒவ்வொன்றிலும் ஒரு கல்லை வைத்து மிதித்து இறுக்கிக்கொண்டு வருகிறார். உன்ரை மனிசன் நீக்கிலாப்பிள்ளை நட்ட எல்லை, உன்ரை பிள்ளை தூரத்தில இருக்கிறாள், இடம் மாறிப்போச்செண்டு அவள் நினைக்கக் கூடாது தங்கச்சி என்றார். எந்த எல்லையைத் தன்னுடையதென்று பதினொரு வருடம் வழக்காடிக் கோடு கச்சேரி ஏறினாரோ அந்த எல்லைக்குத்தான் பிள்ளை, தன் கையால் கல்லு வைத்தார். நற்கருணை உயர்த்தும்போது குனிகிறதுபோல எனக்குத் தலை தானாகக் குனிந்தது. வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

மத்தியானத்துக்குள் கப்பு நட்டுக் கூரையை இருத்திவிட்டார்கள், பின்னேரம் லூர்த்தம்மா உலை வைத்தாள், ஓலைக்கு மேலால் புகை எழும்பினதைப் பார்த்துவிட்டுத்தான் சனம் கலைந்தது. நான் வேலியை இன்னும் கட்டவில்லை. கட்டச் சொன்னால் கற்கள் இருக்கிற இடத்திலேயே நேர்சீராகக் கட்டுவிப்பேன், உனக்கு மனத்தாங்கல் வேண்டாம். என் எண்ணத்தைக் கேட்டால், ஒரு ஆள் போய்வரத்தக்க இடைவெளி விடலாம் என்பேன். காணி உன்னுடையது, மருமகனையும் கேட்டு மறுமொழி எழுது.

சின்னவனுக்குக் கொதித்தாறின தண்ணீர் மட்டும் கொடு, தலை நனைந்தால் உடனே துவட்டு. மருமகனுக்கு என் அன்பைச் சொல். அந்தோனியார் உங்கள் மூவரையும் கைவிடாமல் நடத்துவாராக. இன்னும் எழுதலாம், ஆனால் லூர்த்தம்மாவின் மூத்தவள் அந்த வழியால் வந்து, பெரியம்மா, அம்மா கொஞ்சம் நெருப்பு வாங்கியரட்டாம் என்று சிரட்டையோடு நிற்கிறாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
நீ. மக்டலீன்