பாயிண்டில் பறந்த மூன்று பயணங்கள்

ஏப்ரல் 22, 2025, செவ்வாய்

காலையிலேயே கமலநாதனிடமிருந்து வாட்ஸ்அப். "அண்ணே, போன வருஷம் மூணு ஃபிளைட் செலவு காட்டியிருக்கீங்க. விலை போட்ட படம்தான் இருக்கு. ரசீது எங்க?"

பதினோரு வருடமாக என் வரிப் பாரத்தைப் பார்த்து அனுப்புகிறவர். ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. தேடிப் பார்க்கிறேன் என்று பதில் போட்டேன். எதைத் தேடுவது? பட்டறையில் ரம்பத் தகடு தீட்டும்போதும் அதே நினைப்பு. ஒரு தகட்டைக் கெடுத்தேன்.

மே 3, சனி

தம்போயில் டயர் கடைக்கு மேலே இருக்கும் அவர் அலுவலகத்துக்கே போனேன். உண்மையைச் சொன்னேன். மெஷின் ரிப்பேருக்காக சண்டாக்கான் மரவாடிக்கு இரண்டு முறையும் கோத்தா கினபாலுவுக்கு ஒரு முறையும் போனது நிஜம். ஆனால் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கவில்லை, விமானக் கம்பெனியின் பாயிண்டில் எடுத்தேன். அன்றைய விலையை இணையத்தில் பார்த்து, படமெடுத்து, பிரிண்ட் போட்டு ஃபைலில் வைத்துவிட்டேன். அப்போது அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

"காசே குடுக்காத டிக்கெட் எப்படிண்ணே செலவாகும்?"

"என் பாயிண்ட் லா. எட்டு வருஷமா என் கார்டுல அரிசி, பால், பெட்ரோல் வாங்கிச் சேர்த்தது. அதுக்கு விலை கிடையாதா?"

"நீங்க காசு குடுத்தா வாங்குனீங்க? சும்மா வந்ததுதானே. ஏர்போர்ட் டாக்ஸுன்னு கையில இருந்து கட்டுனீங்க பாருங்க, அதை மட்டும் போடலாம். அக்காகிட்டச் சொல்லி லிஸ்ட்டைத் திருத்தி அனுப்பச் சொல்லுங்க."

அக்கா. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

மே 4, ஞாயிறு

செலவு லிஸ்ட் டைப் செய்வது என் மனைவி சந்திரமதிதான். அதில் மூன்று செலவு மாறினால் ஏன் என்று கேட்பாள். ஏனென்றால் பாயிண்ட் தீர்ந்துபோச்சு என்று சொல்ல வேண்டும். அந்தப் பாயிண்டில்தான் நாங்கள் இருவரும் ஜூலையில் பெர்த்துக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே இருக்கும் மகள் சாந்தினிக்குத் தலைப்பிரசவம். அது தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும் என்பது இவள் பிடிவாதம். அவள் நிறைவயிற்றோடு விமானம் ஏறி வரமுடியாது என்றதும், "அப்ப தாய்வீடு அங்க போகும்" என்றாள்.

போன வருஷம் மரவாடிக்காரன் நான்கு மாதம் பணம் தராமல் இழுத்தடித்தான். கையில் காசில்லை. பாயிண்டை எடுத்தேன், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று. எப்படிச் சேர்ப்பேன் என்று அன்றைக்கு யோசித்தேனா?

மே 11, ஞாயிறு

சாந்தினி வீடியோவில் வந்தாள். முகம் வீங்கியிருக்கிறது. "அப்பா, டிக்கெட் போட்டாச்சா?"

நான் வாய் திறப்பதற்குள் சந்திரமதி, "அப்பாகிட்டதான் பாயிண்ட் கொட்டிக் கெடக்கே. கடைசி நேரத்துல போட்டாக்கூடக் கெடைக்கும்" என்றாள்.

நான் தலையாட்டினேன். ஆட்டிவிட்டேன்!

மே 20, செவ்வாய்

மூவாரில் நாற்காலி ஃபேக்டரியில் வேலை. போகும்போது காரிலிருந்தே கமலநாதனைக் கூப்பிட்டேன். இந்த ஒரு வருஷம் அப்படியே விட்டால் என்ன, யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன்.

"நீங்க விடுவீங்க. என் பேரு போட்டு நான் அனுப்ப மாட்டேண்ணே. அலமாக், முந்நூத்துச் சொச்சம் வெள்ளி வரிக்கு இவ்ளோ பயமா?"

வரிக்கு யார் பயந்தது? போனை வைத்துவிட்டேன். திரும்பும் வழியில் பக்ரி சந்திப்பை விட்டுவிட்டு வெகுதூரம் போய்விட்டேன்.

மே 29, வியாழன்

விமானக் கம்பெனியின் ஆப்பைத் திறந்து பார்த்தேன். மிச்சப் பாயிண்ட் பெர்த்துக்கு என்ன, கோலாலம்பூருக்குப் போகக்கூடக் காணாது. நேற்றும் பார்த்தேன். பார்த்தால் ஏறிவிடுமா?

ஜூன் 7, சனி

சொல்லிவிட்டேன்.

அவள் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரிய பெட்டி, எனக்கும் சேர்த்து. அதைப் பார்த்ததும் தாங்கவில்லை. மூன்று பயணம், படமெடுத்து வைத்த விலை, கமலநாதன் சொன்னது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். வரிக் கணக்கில் அது செலவே இல்லையாம், சும்மா வந்ததாம் என்று ஏதோ சமாதானம் போலச் சொல்லிவைத்தேன். அதையாவது சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"கமலநாதனுக்கு அது சும்மா வந்தது. எனக்கு?"

ஈரத்துணியைப் பெட்டிமேலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

சோறு மட்டும் வந்தது.

ஜூன் 10, செவ்வாய்

பட்டறையிலிருந்து வந்தபோது மேசையில் புது லிஸ்ட். மூன்று ஃபிளைட் செலவையும் எடுத்துவிட்டு, விமான நிலைய வரி கட்டிய தொகையை மட்டும் போட்டிருக்கிறாள். என் பழைய மெயிலில் தேடி உண்மையான ரசீதுகளையும் எடுத்துக் குத்தி வைத்திருக்கிறாள். நான் எடுத்த படங்கள் கிழிபட்டுக் குப்பையில் கிடந்தன.

ஜூன் 16, திங்கள்

கமலநாதன் பாரத்தை அனுப்பிவிட்டார். வரியைக் கட்டினேன். தூக்கம் வரும் என்று நினைத்திருந்தேன்.

சந்திரமதி தையல் காசில் சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டாள். ஒரு டிக்கெட். நானும் எப்படியாவது புரட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். "நீங்க வந்து என்ன செய்யப் போறீங்க? பட்டறையைப் பாருங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 3, வியாழன்

சின்னப் பெட்டியில் சாமான் அடுக்குகிறாள். பிரசவ மருந்துப் பொடி, நல்லெண்ணெய், பூண்டு. அந்த ஊரில் இதையெல்லாம் சோதிப்பார்களே என்றேன்.

"தெரியும். உள்ள போறப்ப குடுக்குற கார்டுல ஒண்ணு விடாம எழுதிக் குடுப்பேன். எடுத்தா எடுத்துக்கட்டும். மறைச்சு வச்சிட்டு அப்புறம் திருதிருன்னு முழிக்க நான் என்ன நீங்களா?"

இத்தனை நாளில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு. கேட்டுச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் பெட்டியை மூடத் தெம்பில்லாமல், "வந்து அமுக்குங்க" என்றாள்.

ஜூலை 5, சனி

சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசல் என்று விடியுமுன்பே கிளம்பிச் சாங்கி விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். கவுண்டரில் இருந்த தமிழ்ப்பெண், "ஆன்ட்டி, பாயிண்ட் சேர்க்கணுமா? மெம்பர் நம்பர் இருக்கா?" என்று கேட்டாள்.

எட்டு வருடப் பழக்கம். என் கை தானாகப் பர்ஸில் இருந்த அட்டைக்குப் போனது.

சந்திரமதி என் பக்கம் திரும்பவே இல்லை. தன் பெயரில் எப்போது பதிந்துகொண்டாளோ தெரியாது. அந்த நீள எண்ணை ஒரு தாளையும் பார்க்காமல், ஒவ்வொன்றாக, கடைசிவரை சொன்னாள்.

நான் பர்ஸை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன்.