இரண்டு வலது கால்கள்

பயிற்சி முகாம்
பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். இல்லை என்று எழுதினால் அம்மா அடுத்த ரயிலைப் பிடித்துவிடுவாள். ஆகவே உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

கமாண்டோ பயிற்சியில் நான்கு வாரம் ஓடிவிட்டது. நூற்றுப் பதினெட்டுப் பேர் வந்தோம், அறுபத்து மூன்று பேர் மிச்சம். காலையில் ரப்பர் படகைத் தலையில் சுமந்து ஓடுகிறோம். பிறகு பல் தந்தியடிக்கும்வரை தண்ணீரில் கழுத்தளவு நிற்கிறோம். எங்கள் பயிற்சியாளருக்கு 'மாமனார்' என்று பெயர் வைத்திருக்கிறோம். எதைச் செய்தாலும் அவருக்குத் திருப்தி வராது. நேற்று நான் கயிறேறி இறங்கியதும் பக்கத்தில் வந்து, "ஏறினது சரி, இதுக்கு எதுக்கு இவ்வளவு மூச்சு வாங்குது?" என்றார்.

இங்கே விலக நினைப்பவன் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். பூட்ஸைக் கழற்றி மைதான வாசலில் வரிசையில் வைத்துவிட்டு, செருப்போடு போய்விடலாம். தினமும் அந்த வரிசையைத் தாண்டித்தான் ஓடுகிறோம். ஐம்பத்தைந்து ஜோடி சேர்ந்துவிட்டது. என் பக்கத்துக் கட்டில்காரனுடையது நேற்று வந்து சேர்ந்தது.

நீச்சல், தட்டச்சு, பாலிடெக்னிக் என்று எல்லாவற்றையும் பாதியில் விட்டவன் என்று நீ எனக்கு வைத்த பெயரை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. என் இடது காலைப் பற்றி மட்டும் கேட்காதே.

உன் தம்பி,
பாதி


வீடு
பிப்ரவரி 18

என் செல்லப் பாதிக்கு,

கேட்காதே என்று எழுதினால் அதைத்தான் முதலில் கேட்பேன் என்று தெரியாதா?

அம்மா தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. "எம் பையன் படகையே தலையில தூக்குறான்" என்று காய்கறிக்காரரைக்கூட விட்டுவைக்கவில்லை. வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் தூக்காதவன் என்பதை நான்தான் அவருக்கு ஞாபகப்படுத்தினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ராணுவத் தேர்வுக்கு முன்னால் எங்கள் ஆஸ்பத்திரியில் உன் இடது காலைப் படம் எடுத்தபோது எலும்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருந்தது. இந்த முறை விட்டால் வயது தாண்டிவிடும் என்று எக்ஸ்ரே அறையிலேயே உட்கார்ந்து அழுதாய். பதினொரு வருஷமாக ஊரார் எலும்பையெல்லாம் நேர்மையாகப் படம் பிடித்தவள், உன் வலது காலையே இரண்டு தடவை எடுத்து, ஒன்றைத் திருப்பிப் போட்டு, படத்தில் விழும்படி 'இடது' என்று ஈய எழுத்தையும் வைத்தேன். இரண்டு வலது காலோடு ராணுவத்துக்குப் போனவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

இரண்டு மாதம் ஓடமாட்டேன், தானாகக் கூடிவிடும் என்று சத்தியம் செய்தாய். ஒரு நாள் விடாமல் ஓடினாய் என்று அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

கட்டைவிரலால் எலும்பை மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வா. ஒரே இடத்தில் சுரீர் என்கிறதா? சும்மா படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? உண்மையை எழுது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா


பயிற்சி முகாம்
மார்ச் 1

அக்காவுக்கு,

அழுத்திப் பார்த்தேன். ஒரே இடம்தான். படுத்தாலும் வலிக்கிறது.

ஓட ஆரம்பித்த ஐந்து நிமிடம் உயிர் போகிறது. பிறகு மரத்துப் போகிறது. வாரம் ஒருமுறை டாக்டர் ஒவ்வொரு காலாகக் குதிக்கச் சொல்கிறார். வலது காலில் குதிக்கிறேன். அவர் எழுதத் தலை குனிந்ததும் மறுபடியும் வலது காலிலேயே குதிக்கிறேன். உன்னிடம் கற்ற வித்தைதான்.

இப்போது இருபத்தெட்டுப் பேர். மார்ச் இருபதாம் தேதி கடைசி நடை. முதுகில் முப்பது கிலோ, எழுபது கிலோமீட்டர். முடித்தால் மார்பில் பேட்ஜ். நேற்று நான் நொண்டுவதை மாமனார் பார்த்துவிட்டார். "வீட்டுக்குப் போறியாப்பா?" என்று கேட்டார். அவர் அன்பாகப் பேசி இதுவரை கேட்டதில்லை, அதனால் பயந்துவிட்டேன். இல்லை ஐயா என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

இனி என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே. நீ விளையாட்டாக வைத்தாய். எனக்கு அது பத்து வருஷமாகக் குத்துகிறது. ஒரு காரியத்தையாவது முழுதாக முடித்தேன் என்று எனக்கே தெரிய வேண்டும். நீ வாயைத் திறந்தால் எனக்கு அக்காவே இல்லை என்று வைத்துக்கொள்.

தம்பி


வீடு
மார்ச் 9

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தப் பெயர் இன்றோடு போயிற்று.

ஆனால் எலும்புக்கு உன் வைராக்கியம் தெரியாதடா. ஒரு நாள் பட்டென்று போகும். அப்படிப் போன கால்களை மேசைமேல் கிடத்தி நான் படம் எடுத்திருக்கிறேன். உன் பூட்ஸையும் அந்த வரிசையில் வைத்துவிட்டு வா. யாரும் சிரிக்கமாட்டார்கள். சிரிப்பவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ வரமாட்டாய் என்று தெரியும். முகாமுக்குப் போன் செய்தேன். "டாக்டர்கிட்டல்லாம் குடுக்க முடியாதும்மா, எழுதி அனுப்புங்க" என்று காவல்காரர் வைத்துவிட்டார். முகாம் டாக்டருக்கே எழுதிவிட்டேன். இரண்டு படங்களில் ஒன்றைத் திருப்பி மற்றதன்மேல் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே கால்தான் என்று என் கையெழுத்தோடு இன்று பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. எங்கள் தலைமை டாக்டரிடமும் நானே போய்ச் சொன்னேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவர்மேல் குற்றமில்லை.

உனக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை, அதனால் சொல்கிறேன். எனக்கு அக்காவே இல்லை என்று நீ எழுது, வாங்கிக்கொள்கிறேன். இரண்டு காலில் நின்றுகொண்டு எழுது.

அக்கா


ராணுவ மருத்துவமனை
மார்ச் 27

அக்காவுக்கு,

கடைசிப் பதினைந்து நாள் முகாமுக்கு வரும் தபாலையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். யாருக்கும் வீட்டு நினைப்பு வரக்கூடாதாம். டாக்டருக்கு வருவதும் அதே மூட்டையில்தான் கிடக்கும். இது எனக்கு முன்பே தெரியும். வேண்டுமென்றேதான் உனக்கு எழுதவில்லை.

அறுபத்தோராவது கிலோமீட்டரில் போயிற்று. சத்தம் எனக்கே கேட்டது. மீதி ஒன்பதை இரண்டு கம்புகளை ஊன்றியும், கடைசியில் தவழ்ந்தும் முடித்தேன். மாமனார் என் பக்கத்திலேயே நடந்து வந்தார். தூக்கவும் கூடாது, நானாகச் சொல்லாமல் நிறுத்தவும் கூடாது என்பது விதி. "போதும்னு ஒரு வார்த்தை சொல்லுப்பா" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். நான் சொல்லவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து மார்பில் பேட்ஜைக் குத்தினார்கள்.

மூன்றாம் நாள் மூட்டையைப் பிரித்தார்கள். டாக்டர் உன் கடிதத்தோடும் இரண்டு படங்களோடும் வந்தார். பொய்ப் படம் கொடுத்துச் சேர்ந்தவனுக்குப் பேட்ஜ் கிடையாதாம். திரும்ப வாங்க மாமனாரைத்தான் அனுப்பினார்கள். அவருக்குக் கை வரவில்லை. நானே கழற்றிக் கொடுத்தேன்.

காலில் தகடு வைத்திருக்கிறார்கள். நடக்கலாம், ஓட முடியாது என்கிறார்கள்.

உன் கடிதம் கொஞ்சம் முன்னால் டாக்டர் கைக்குப் போயிருந்தால் கால் மிஞ்சியிருக்கும். வராமலே இருந்திருந்தால் பேட்ஜ் மிஞ்சியிருக்கும். உன்மேல் தப்பில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு தாளைக் கிழித்தும் எழுத வரவில்லை.

அம்மாவை அனுப்பு. நீ வராதே.

தம்பி


வீடு
ஏப்ரல் 3

தம்பிக்கு,

அம்மாவை வெள்ளிக்கிழமை ரயிலில் அழைத்து வருகிறேன். ஏற்றிவிட்டுத் திரும்பிவிடத்தான் நினைத்தேன். அவளுக்கு நடுவில் வண்டி மாறத் தெரியாது. பேச்சுக் கொடுத்தவர்களோடு பாதி வழியில் இறங்கிவிடுவாள். அதனால்தான் நானும் வருகிறேன், வேறு எதற்கும் இல்லை.

அவளிடம் கால் முறிந்ததை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். மீதியை நீ எப்படிச் சொன்னாலும் சரி. எல்லாம் அக்காவால் வந்தது என்று சொன்னாலும் நான் மறுக்கப்போவதில்லை. காலைத் தொங்கவிடாமல் தலையணைமேல் உயர்த்தி வை. வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதே, நர்ஸைக் கூப்பிடு.

பார்க்கும் நேரம் நான்கு முதல் ஆறு வரை என்று விசாரித்துவிட்டேன். அந்த இரண்டு மணி நேரமும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நீ கூப்பிட்டாலொழிய உள்ளே வரமாட்டேன்.

அக்கா