இருபத்தொன்றாம் ஜனாதிபதிக்குப் பாயசம்

ஸ்டோரில் இருந்த பழைய இரும்பு அலமாரியை இன்று இடம் மாற்றினோம். கதவைத் திறந்தால் உள்பக்கம் உன் அமெரிக்க ஜனாதிபதி. மோவாயை மட்டும் மழித்துவிட்டு இரண்டு கன்னத்திலும் துடைப்பம் போலக் கிருதா வளர்த்திருக்கும் அதே ஆள். நீ ஒட்டிய டேப் மஞ்சளாகிப் பொரிந்துபோயிருக்கிறது. கூடத் தூக்கிய கடலூர்க்காரர், "யாருண்ணே இது, உங்க தாத்தாவா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

இந்த வளைகுடாக் கம்பெனி கேம்பில் ஆளாளுக்கு நடிகர்களின் பிறந்தநாளைக் கொண்டாடிக்கொண்டிருக்க, நீ போயும் போயும் இந்த இருபத்தொன்றாவது ஆளை ஏன் பிடித்தாய் என்று எனக்கு இன்றுவரை முழுசாகப் புரியவில்லை. சைட்டுக்கு வந்த அமெரிக்க இன்ஜினியரிடம் படத்தைக் காட்டினாய். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, ஏதாவது பாட்டுக்காரரா என்று கேட்டார். உனக்கு அன்று வந்த சந்தோஷம் இருக்கிறதே! சொந்த ஊர்க்காரர்களே மறந்துவிட்ட மனுஷனுக்கு நாமாவது இருக்கிறோம் என்று ஃபஹாஹீல் கடைத்தெருவுக்குப் போய் சேமியாவும் முந்திரியும் வாங்கி வந்தாய். அதிலிருந்து வருஷாவருஷம் அவர் பிறந்தநாளை ஒட்டி வருகிற வெள்ளிக்கிழமை நம் ரூமில் பாயசம். டம்ளர் கைக்கு வரும் முன் உன் சொற்பொழிவைக் கேட்டாக வேண்டும்.

அவரிடம் பேண்ட் மட்டுமே எண்பது இருந்ததாம் என்று ஆரம்பிப்பாய். கம்பெனி கொடுத்த இரண்டு கவரால் உடுப்பை மாற்றி மாற்றித் துவைத்துப் போடும் நாங்கள் வாயைப் பிளப்போம். பிறகுதான் விஷயத்துக்கு வருவாய். கட்சிக்காரர்கள் சிபாரிசில் சுங்கத்துறைப் பதவி, அவர்கள் தயவிலேயே துணை ஜனாதிபதி. வேலை கிடைக்காத ஒருவன் ஜனாதிபதியைச் சுட்டுவிட, நாற்காலி இவருக்கு வந்தது. இனி நம் காட்டில் மழைதான் என்று சிபாரிசுக்காரர்கள் வந்து நின்றால், அரசாங்க வேலைக்குப் பரீட்சை வைக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். "ஏத்திவிட்டவனுக்கே பரீட்சை வச்சான் பாரு மாப்ள, அவன்தான் ஆளு" என்பாய். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

உன்னை ஏற்றிவிட்டவன் நான். வெயிலில் பைப் தூக்கிக்கொண்டிருந்த உன்னை, ஆள் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீஸில் இருந்த தைரியத்தில் மேனேஜரிடம் பேசி ஸ்டோருக்குள் கொண்டுவந்தேன். மூன்றே வருஷத்தில் நீ இன்சார்ஜ் ஆனாய். உதவியாளர் இடம் ஒன்று காலியானபோது, சைட்டில் காய்ந்துகொண்டிருந்த என் மனைவியின் தம்பியை அதில் போடச் சொன்னேன். சொன்னது என்ன, போட்டாயிற்று என்றே வீட்டுக்குப் போன் பண்ணிவிட்டேன். நீயோ மேஜையில் இருபது சாமானைப் பரப்பி, இடம் கேட்ட நான்கு பேரையும் பெயரும் அளவும் எழுதச் சொன்னாய். மச்சினனுக்குப் பாதிக்கு மேல் தப்பு. கேம்பில் பாத்ரூம் கழுவிக்கொண்டிருந்த நேபாளத்துக்காரர் பத்தொன்பதைச் சரியாக எழுதினார். வேலை அவருக்குப் போயிற்று.

"நான் இல்லேன்னா நீ இன்னும் வெயில்ல கெடப்படா" என்றேன்.

"ஆமா மாப்ள, கெடப்பேன்" என்றாய். மேற்கொண்டு சண்டை போட ஒரு வார்த்தை கொடுத்தாயா நீ?

நான்கு மாதம் உன்னோடு பேசவில்லை. நடுவில் அந்தப் பிறந்தநாள் வந்தது. அந்த வருஷம் சொற்பொழிவு இல்லை. பாயசம் மட்டும் காய்ச்சி, என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரைத் தட்டுப்போட்டு மூடிவைத்துவிட்டு வெளியே போய்விட்டாய். நான் அதை எடுத்துப்போய்க் கொட்டினேன். அடுத்த மாதம் நீ லீவில் ஊருக்குக் கிளம்பினாய். ஏர்போர்ட் வண்டி வரைகூட நான் வரவில்லை. இரண்டு வாரத்தில், நெஞ்சுவலி, ஆள் போய்விட்டார் என்று செய்தி வந்தது. அந்த டம்ளரை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

உனக்குப் பிறகு நேபாளத்துக்காரர் இன்சார்ஜ் ஆனார். டைம் ஆபீஸுக்கு மெஷின் வந்து எங்களைக் கிளப்பியபோது, அவர் பரப்பிய இருபது சாமானுக்கு முன்னால் நானும் நின்றேன். பதினாறுதான் சரி, ஆனாலும் உதவியாளர் இடம் கிடைத்தது. சிரிக்காதே. அவர் ஊர் திரும்பிய பிறகு அந்த நாற்காலி எனக்கு வந்தது.

போன வாரம் அக்கா போன் பண்ணினாள், தன் மகனை இங்கே கிளார்க்காகப் போடச் சொல்லி. என்னை வெளிநாட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று நின்ற அப்பாவிடம் அடிவாங்கி, எனக்குப் பாஸ்போர்ட் எடுக்கவைத்தவள் அவள்.

"வரட்டும்க்கா. எல்லாரோடயும் சேர்ந்து டெஸ்ட் எழுதட்டும்" என்றேன்.

"இதுக்காடா உனக்காக நான் அடி வாங்கினேன்" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. சோறு இறங்க மாட்டேன் என்கிறது. அந்த நான்கு மாதமும் உனக்கும் இப்படித்தான் இருந்ததா? பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு நாள்கூடக் காட்டிக்கொள்ளவில்லையே, படுபாவி.